ஜின் காக்டெயில்

ஜின் காக்டெயில் என்பது ஜின் எனப்படும் வடிமதுவை அடிப்படையாகக் கொண்டு, வெர்மூத், பழச்சாறு, சர்க்கரைப் பாகு, சோடா, டானிக் நீர் போன்றவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்துத் தயாரிக்கப்படும் கலப்பு மதுபான வகையாகும். மார்ட்டினி, நெக்ரோனி, கிம்லெட், டாம் காலின்ஸ், ஒயிட் லேடி, ஜின் டானிக் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றைத் தயாரிக்கச் சிறப்புப் பயிற்சியோ விலை உயர்ந்த கருவிகளோ தேவையில்லை. எனினும் ஒரே செய்முறையைப் பின்பற்றும் இருவருக்கு வெவ்வேறு சுவையுள்ள பானங்கள் கிடைப்பது வழக்கம். இதற்கு முதன்மையான காரணம் செய்முறைகளில் பெரும்பாலும் எழுதப்படாத ஒரு மூலப்பொருள் ஆகும். பனிக்கட்டி உருகுவதால் பானத்தில் சேரும் நீரே அது.

ஜின்

ஜின் என்பது தானியம் முதலியவற்றில் இருந்து பெறப்படும் எரிசாராயத்துக்கு ஜூனிப்பர் காய்களால் மணமூட்டிப் பெறப்படும் மது. தாவரவியல் நோக்கில் ஜூனிப்பர் காய் என்பது உண்மையான காயன்று. சதைப்பற்றுள்ள கூம்பு ஆகும். இதனுடன் கொத்தமல்லி விதை, ஏஞ்சலிக்கா வேர், எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், ஏலக்காய், இலவங்கப்பட்டை முதலியனவும் சேர்க்கப்படுவதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி ஜின்னில் கன அளவில் குறைந்தது 37.5% எத்தனால் இருக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இந்த அளவு 40% ஆகும். இந்தியாவில் விற்கப்படும் ஜின்களில் 42.8% என்ற அளவு பரவலாகக் காணப்படுகிறது.

லண்டன் உலர் ஜின் என்பது லண்டனில் தயாரிக்கப்பட்டது என்று பொருள்படாது. அது தயாரிப்பு முறையைக் குறிக்கும் பெயர். மணப்பொருட்கள் அனைத்தும் வடித்தலின் போதே சேர்க்கப்பட வேண்டும் என்பதும், வடித்த பின்னர் ஒரு லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்க்கக் கூடாது என்பதும் இதன் விதிகள். இக்கட்டுரையில் உள்ள செய்முறைகள் அனைத்துக்கும் இவ்வகை ஜின் ஏற்றது.

வரலாறு

இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகள் அமைந்துள்ள பகுதியில் வடிக்கப்பட்ட ஜெனிவர் என்னும் மது, ஜின்னின் முன்னோடி ஆகும். 1689 ஆம் ஆண்டு முடிசூடிய மூன்றாம் வில்லியத்தின் காலத்தில் பிரெஞ்சு பிராந்தியின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு உள்நாட்டு வடித்தல் ஊக்குவிக்கப்பட்டதால், இங்கிலாந்தில் ஜின் பெருகியது. 18 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டனின் ஏழை மக்களிடையே இது கடுமையான சமூகச் சிக்கலாக மாறியது. இதைக் கட்டுப்படுத்த 1736, 1751 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. 1830 இல் ஏனியஸ் காஃபி காப்புரிமம் பெற்ற தொடர் வடிகலம் தூய்மையான எரிசாராயத்தை மலிவாகப் பெற வழிவகுத்தது. குறைபாடுகளை மறைக்க இனிப்புச் சேர்க்கும் தேவை நீங்கியதால் உலர் ஜின் வளர்ந்தது.

காக்டெயில் என்ற சொல்லுக்கான முதல் அச்சு வரையறையாகக் கொள்ளப்படுவது, 1806 ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளியான இதழ் ஒன்றில் உள்ளது. அது வடிமது, சர்க்கரை, நீர், கசப்புச் சாறு என நான்கு பொருட்களைக் குறிப்பிடுகிறது. நீர் ஒரு தனி மூலப்பொருளாக அன்றே எண்ணப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பனிக்கட்டி எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின்னர், நீரைத் தனியே ஊற்றும் வழக்கம் குறைந்து, உருகும் பனிக்கட்டியே அந்தப் பணியைச் செய்யலாயிற்று. இதனால் பிற்காலச் செய்முறைகளில் இருந்து நீரின் அளவு மறைந்து போனது.

1862 இல் ஜெர்ரி தாமஸ் அமெரிக்காவில் வெளியிட்ட கலப்புப் பான நூல் இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது, கலப்புப் பானக் கலைஞர் பலர் ஐரோப்பாவுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான ஹாரி கிராடாக் லண்டனின் சவாய் விடுதியில் பணியாற்றி, 1930 இல் வெளியிட்ட நூல் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

நீரின் பங்கு

பனிக்கட்டி ஒரு பானத்தைக் குளிர்விப்பது, அது குளிர்ந்த பொருளாக இருப்பதால் மட்டுமன்று. உருகுவதாலேயே குளிர்விப்பின் பெரும்பகுதி நிகழ்கிறது. உறைபெட்டியில் -18 பாகை செல்சியசில் (°செ) உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி 0 °செ வரை சூடேறும்போது ஏறத்தாழ 38 ஜூல் வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. அதே ஒரு கிராம் உருகும்போது ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. எனவே 0 °செ நிலையில் உள்ள பனிக்கட்டியைக் கொண்டு, நீர் சேராமல் பானத்தைக் குளிர்விக்க இயலாது.

இதனை மார்ட்டினியைக் கொண்டு கணக்கிடலாம். 60 மி.லீ. ஜின், 15 மி.லீ. வெர்மூத் சேர்ந்த 75 மி.லீ. கலவையின் எடை ஏறத்தாழ 71 கிராம். அதன் தன்வெப்பத்தை நீரினுடையதைப் போன்று 4.2 ஜூல் என்று கொள்ளலாம். கலவையை 0 °செ வரை குளிர்விக்க உருக வேண்டிய பனிக்கட்டியின் தோராயமான அளவு வருமாறு:

- கலவை 30 °செ வெப்பநிலையில் இருந்தால்: 27 கிராம்
- கலவை 20 °செ வெப்பநிலையில் இருந்தால்: 18 கிராம்
- கலவை குளிர்பதனப் பெட்டியில் இருந்து 5 °செ வெப்பநிலையில் எடுக்கப்பட்டால்: 4 முதல் 5 கிராம்

பெரும்பாலான செய்முறைகள் லண்டன், நியூயார்க் போன்ற குளிர்ந்த நகரங்களில் எழுதப்பட்டவை. வெப்ப நாட்டு அறையில் வைத்த புட்டியைக் கொண்டு அதே செய்முறையைப் பின்பற்றினால், பானத்தில் சேரும் நீர் ஒன்றரை மடங்காகிறது. மாறாக, புட்டியை நன்கு குளிர்வித்து வைத்தால் நீர் போதாமல், பானம் தொண்டையை எரிக்கும் அளவுக்குக் கடுமையாகிறது. இரண்டுமே குறைகள். முதல் நிலையில் ஜின்னையும் கலக்கும் குவளையையும் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும், இரண்டாம் நிலையில் குளிர்ந்த குடிநீரை 15 முதல் 20 மி.லீ. வரை அளந்து ஊற்றுவதும் தீர்வாகும்.

பானத்தின் வெப்பநிலை 0 °செ அளவுக்குக் கீழே செல்வதும் இயல்பு. எத்தனால் கலந்த நீரின் உறைநிலை 0 °செ அளவை விடக் குறைவு என்பதால், அதில் உள்ள பனிக்கட்டி தொடர்ந்து உருகிக் கலவையை மேலும் குளிர்விக்கிறது. இதே காரணத்தால் ஜின் வீட்டு உறைபெட்டியில் உறைவதில்லை.

நீர் சேர்வதால் வலிமை குறைவது மட்டுமன்றி மணமும் மாறுகிறது. ஜூனிப்பரின் மணத்துக்குக் காரணமான பைனீன் போன்ற எண்ணெய்ப் பொருட்கள் எத்தனாலில் நன்கு கரைபவை. நீரில் அரிதாகவே கரைபவை. நீரின் விகிதம் கூடும்போது அவை கரைசலில் இருந்து வெளியேறும் போக்கு மிகுவதால், மூக்கு அவற்றை எளிதில் உணர்கிறது. சில ஜின்கள் நீர் சேர்ந்ததும் சற்றுக் கலங்குவதும் இதனாலேயே. இது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று.

குலுக்குதலும் கிளறுதலும்

பழச்சாறு, முட்டை வெண்கரு, பாலேடு போன்றவை சேர்ந்த பானங்கள் குலுக்கப்படுகின்றன. மதுவகைகள் மட்டுமே சேர்ந்த பானங்கள் கிளறப்படுகின்றன. குலுக்கும்போது பனிக்கட்டி உடைந்து அதன் புறப்பரப்பு மிகுவதால், 10 முதல் 15 நொடிகளிலேயே பானம் குளிர்ந்துவிடுகிறது. நுண்ணிய காற்றுக் குமிழிகளும் கலந்து சாற்றின் புளிப்பை மென்மையாக்குகின்றன. கிளறும்போது குளிர்தல் மெதுவாக நிகழ்வதால் ஏறத்தாழ 30 நொடிகள் தேவை. ஆனால் பானம் தெளிவாகவும் வழவழப்பாகவும் இருக்கும். மார்ட்டினியைக் குலுக்கினால் அது கலங்கலாகவும் கூடுதல் நீருடனும் அமைகிறது.

மேற்பரப்பில் நீர் வடியும் பழைய பனிக்கட்டியைப் பயன்படுத்தினால், அந்த நீர் குளிர்விக்காமலேயே பானத்தில் சேர்கிறது. ஆகவே பயன்படுத்தும் முன் நீரை வடித்துவிட வேண்டும். உறைபெட்டியில் மீன், இறைச்சி முதலியவற்றுடன் திறந்து வைக்கப்பட்ட பனிக்கட்டி அவற்றின் வாடையை ஏற்பதால், மூடிய கலத்தில் வைப்பது நல்லது.

தேவையான பொருட்களும் கருவிகளும்

- அளவுக் குவளை: மி.லீ. குறியிட்ட மருந்துக் குவளையே போதுமானது. கண்ணளவில் ஊற்றுவது தவறுகளுக்கு இடமளிக்கிறது.
- குலுக்கும் கலன்: ஷேக்கர் இல்லாதபோது இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி அல்லது எவர்சில்வர் புட்டியைப் பயன்படுத்தலாம். சோடா போன்ற வளிமம் கரைந்த பானங்களை இதில் இட்டுக் குலுக்கக் கூடாது. அழுத்தத்தால் மூடி தெறிக்கும்.
- நீண்ட கரண்டி, தேநீர் வடிகட்டி.
- சர்க்கரைப் பாகு: சர்க்கரை எத்தனாலில் எளிதில் கரைவதில்லை. எனவே 100 கிராம் சர்க்கரையை 100 மி.லீ. சுடுநீரில் கரைத்து ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு வாரங்கள் வரை வைக்கலாம்.
- வெர்மூத்: மூலிகைகளால் மணமூட்டி, மது வலிமை கூட்டப்பட்ட திராட்சை மது. உலர் வெர்மூத், இனிப்பு வெர்மூத் என இருவகைகள் முதன்மையானவை. திறந்த புட்டி ஆக்சிசனேற்றத்தால் சுவை இழக்கும் என்பதால், குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும்.
- எலுமிச்சை: மேலைநாட்டுச் செய்முறைகளில் லெமன், லைம் என இரு பழங்கள் வேறுபடுத்தப்படுகின்றன. தமிழ்நாட்டுச் சந்தைகளில் எலுமிச்சை என விற்கப்படும் சிறிய உருண்டைப் பழம் லைம் வகையைச் சேர்ந்தது. லெமன் என்பது தடித்த தோலுள்ள பெரிய நீள்வட்டப் பழம். இரண்டின் புளிப்பு அளவும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் சாற்றை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தலாம். மணம் மட்டும் மாறுபடும். சாற்றை உடனுக்குடன் பிழிவது சிறந்தது.

செய்முறைகள்

மார்ட்டினி

ஜின் 60 மி.லீ., உலர் வெர்மூத் 15 மி.லீ. இரண்டையும் பனிக்கட்டி நிறைந்த குவளையில் 30 நொடிகள் கிளறி, குளிர்வித்த கிண்ணத்தில் வடித்து ஊற்ற வேண்டும். எலுமிச்சைத் தோலின் ஒரு கீற்றைப் பானத்தின் மேல் முறுக்கினால், தோலில் உள்ள எண்ணெய் தெறித்து மணம் சேர்க்கும். மாற்றாக ஓர் ஆலிவ் காய் இடப்படுவதுண்டு. 1888 இல் ஹாரி ஜான்சன் வெளியிட்ட நூலில் உள்ள மார்ட்டினி, இனிப்பான ஓல்ட் டாம் ஜின்னைக் கொண்டு செய்யப்பட்டது. இன்றைய உலர்ந்த வடிவம் 20 ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. முதலில் கலவையின் வலிமை ஏறத்தாழ 38% ஆக இருந்து, 27 மி.லீ. நீர் சேர்ந்ததும் 28% ஆகக் குறைகிறது. பரிமாறப்படும் பானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீரே என்பது இதன் பொருள்.

நெக்ரோனி

ஜின், இனிப்பு வெர்மூத், கம்பாரி ஆகியவற்றில் ஒவ்வொன்றும் 30 மி.லீ. கம்பாரி என்பது 1860 இல் இத்தாலியில் தோன்றிய, சிவப்பு நிறமும் கசப்புச் சுவையும் கொண்ட மது. மூன்றையும் பனிக்கட்டியுடன் கிளறி, புதிய பெரிய பனிக்கட்டி இட்ட குவளையில் ஊற்றி, ஆரஞ்சுத் தோல் சேர்க்க வேண்டும். 1919 இல் ஃபுளோரன்ஸ் நகரில் கமில்லோ நெக்ரோனி என்னும் பிரபுவின் வேண்டுகோளின்படி உருவானதாக மரபாகக் கூறப்படுகிறது. மூன்று பொருட்களும் சம அளவில் இருப்பதால் புதிதாகத் தொடங்குவோருக்கு எளிதானது.

கிம்லெட்

ஜின் 60 மி.லீ., எலுமிச்சைச் சாறு 20 மி.லீ., சர்க்கரைப் பாகு 20 மி.லீ. மூன்றையும் 10 முதல் 15 நொடிகள் குலுக்கி வடிக்க வேண்டும். இப்பானம் கப்பல் வாழ்க்கையுடன் தொடர்புடையது. ஸ்கர்வி நோயைத் தடுப்பதற்காகப் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் எலுமிச்சைச் சாறு வழங்குவதை 1867 ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்தியது. அதே ஆண்டு லாக்லன் ரோஸ் என்பவர், மது சேர்க்காமல் சர்க்கரை கொண்டு சாற்றைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமம் பெற்றார். 1930 ஆம் ஆண்டுச் சவாய் நூலில் ஜின்னும் இப்பதப்படுத்திய சாறும் சம அளவில் சேர்க்கப்பட்டுள்ளன. புதிய சாறு எளிதில் கிடைக்கும் இடங்களில் மேற்கண்ட அளவே ஏற்றது.

டாம் காலின்ஸ்

ஜின் 45 மி.லீ., எலுமிச்சைச் சாறு 30 மி.லீ., சர்க்கரைப் பாகு 15 மி.லீ., சோடா 60 மி.லீ. முதல் மூன்றையும் பனிக்கட்டி நிறைந்த உயரமான குவளையில் கலக்கி, இறுதியில் குளிர்ந்த சோடாவை மெதுவாக ஊற்ற வேண்டும். புளிப்பு மிகுதியாகத் தோன்றினால் பாகின் அளவைச் சற்றுக் கூட்டலாம். ஜெர்ரி தாமசின் நூலின் 1876 ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்பானம் இடம்பெற்றுள்ளது.

ஒயிட் லேடி

ஜின் 40 மி.லீ., ஆரஞ்சு மணமுள்ள டிரிப்பிள் செக் மது 30 மி.லீ., எலுமிச்சைச் சாறு 20 மி.லீ. மூன்றையும் குலுக்கி வடிக்க வேண்டும். நுரைக்காக முட்டை வெண்கரு சேர்ப்போரும் உண்டு. வேக வைக்காத முட்டையால் சால்மோனெல்லா தொற்று ஏற்படக்கூடும் என்பதால், வீட்டில் அதைத் தவிர்ப்பது பாதுகாப்பானது.

ஜின் டானிக்

ஜின் 50 மி.லீ., குளிர்ந்த டானிக் நீர் 150 மி.லீ. குவளை நிறையப் பனிக்கட்டி இட்டு, முதலில் ஜின்னையும் பின்னர் டானிக் நீரையும் ஊற்றி, ஒரு முறை மட்டும் மெதுவாகக் கிளற வேண்டும். டானிக் நீரைக் குளிர்வித்து வைப்பது இன்றியமையாதது. நீர்மம் குளிர்ந்திருக்கும்போதே கார்பனீரொக்சைடு அதில் மிகுதியாகக் கரைந்திருக்கும். சூடான டானிக் நீர் பனிக்கட்டியின் மேல் பட்டதும் நுரைத்து வளிமத்தை இழந்துவிடும். பனிக்கட்டியைக் குறைத்தால் பானம் கெட்டியாக இருக்கும் என்ற கருத்து தவறானது. இரண்டு துண்டுகள் மட்டும் இட்டால் அவை விரைவில் முழுவதும் உருகி, பானம் நீர்த்ததாகவும் வெதுவெதுப்பாகவும் ஆகிவிடும்.

டானிக் நீரின் கசப்புக்குக் காரணம் சின்கோனா மரப்பட்டையில் இருந்து பெறப்படும் குயினைன் ஆகும். குயினைன் கலந்த வளிம நீருக்கு 1858 இல் லண்டனைச் சேர்ந்த எராஸ்மஸ் பாண்ட் காப்புரிமம் பெற்றார். மலேரியாவுக்கு எதிராகக் குயினைன் தேவைப்பட்ட பிரித்தானிய இந்தியாவில் இது ஜின்னுடன் சேர்த்துப் பருகப்பட்டது. அத்தேவைக்காக 1860-களின் தொடக்கத்தில் கிளெமென்ட்ஸ் மார்க்கமின் முயற்சியால் தென் அமெரிக்காவில் இருந்து சின்கோனா கொண்டுவரப்பட்டு நீலகிரியில் பயிரிடப்பட்டது. உதகமண்டலத்துக்கு அருகில் உள்ள நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் இயங்கியது.

டானிக் நீர் மலேரியாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு இன்று அடிப்படை இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் விதிகளின்படி அதில் குயினைன் பத்து இலட்சத்துக்கு 83 பங்குக்கு மிகக் கூடாது. அதாவது ஒரு லிட்டரில் ஏறத்தாழ 83 மி.கி. மட்டுமே இருக்கலாம். மருத்துவத்தில் ஒரு வேளைக்கே பல நூறு மி.கி. வழங்கப்படுகிறது.

பாதுகாப்பும் உடல்நலமும்

வீட்டில் தயாரித்தல் என்பது இங்கு உரிமம் பெற்ற கடையில் வாங்கிய மதுவைக் கலப்பதை மட்டுமே குறிக்கும். வீட்டில் வடித்தல் இந்தியாவில் சட்டத்துக்குப் புறம்பானது. தீ விபத்துக்கும் இடமளிப்பது. முத்திரையிடப்படாத மதுவில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும். மெத்தனால் சிறிய அளவிலேயே பார்வையிழப்பையும் உயிரிழப்பையும் ஏற்படுத்தும். கலப்புப் பானத்தில் உள்ள இனிப்பும் புளிப்பும் அதனை மறைத்துவிடும்.

காக்டெயிலின் இனிமையும் குளிர்ச்சியும் அதில் உள்ள மதுவின் அளவை உணரவிடுவதில்லை. 42.8% வலிமையுள்ள 60 மி.லீ. ஜின்னில் ஏறத்தாழ 20 கிராம் எத்தனால் உள்ளது. 10 கிராம் எத்தனாலை ஓர் அலகாகக் கொண்டால், ஒரு கிம்லெட் இரண்டு அலகுகளுக்குச் சமம். நீர் மிகுதியாகச் சேர்ந்தாலும் இந்த அளவு குறைவதில்லை; செறிவு மட்டுமே குறைகிறது. எனவே அளவுக் குவளையைப் பயன்படுத்துவது சுவைக்காக மட்டுமன்றி, அருந்தியது எவ்வளவு என்பதை அறியவும் தேவையாகும்.

மதுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 இல் அறிவித்தது. கருவுற்றோரும், கல்லீரல் நோயுள்ளோரும், தூக்க மருந்து உட்கொள்வோரும் மதுவை முற்றிலும் தவிர்க்க வேண்டும். இந்தியாவில் 100 மி.லீ. குருதியில் 30 மி.கி. அளவுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றமாகும். இந்த அளவு ஒரே ஒரு காக்டெயிலாலும் எட்டப்படக்கூடும்.